சூட்டிக்கு வாசித்துக் காட்டிய படிவம்

நோர்வூட்,
ஞாயிறு மாலை

பாசமும் மரியாதையும் உள்ள சோலைமலை மாமாவுக்கு,

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல், உண்மையை மட்டும் எழுதுவேன் என்று சொல்லி இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். நானும் அம்மாவும் அப்பாவும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் தந்த நாய் சூட்டி எப்படி இருக்கிறது என்பதைத்தான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

பொட்டை நாய்க்கு ஆபரேஷன் செய்தால் காவல் காக்காது, செய்யவே கூடாது என்று போனில் சொன்னீர்கள். ஆனால் மாமா, போன முறை சூட்டி ஆறு குட்டி போட்டது, அதில் ஐந்து பொட்டை. யாரும் கேட்கவில்லை. அப்பா உரப்பையில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார். வெறும் பையோடு வந்தவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதனால் இன்று, சின்னதில் அம்மா என்னை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பிள்ளைக்காம்பராவில் இலவசமாக நாய்களுக்குக் கருத்தடை செய்கிறார்கள் என்றதும், நான்தான் அம்மாவை நச்சரித்துக் கூட்டிப்போனேன். எல்லாப் பழியும் என்னுடையது.

படிவம் சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் பெருமையாக நிரப்பிவிட்டு, கையெழுத்து வைக்கும் இடத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா பேனாவை வாங்கவில்லை.

“இதே மாதிரி ஒரு தாள்லதான், ஒன்னையப் பெத்த மறுநாளு ஆஸ்பத்திரியில என்கிட்டயும் கையெழுத்து வாங்குனாங்க. பால்மா குடுக்கத்தான்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குத் தம்பி பிறக்காததற்கு நேர்த்திக்கடன் பாக்கி என்று அத்தை சொல்லியிருந்தார். அது காரணமில்லை மாமா. நானும் அதே மாதிரி விரலால் இடத்தைக் காட்டிக்கொண்டுதானே நின்றேன்?

“சூட்டிக்குப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம” என்றார் அம்மா.

நான் முழங்காலிட்டு, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். ஐந்தாவது வரியில், மயக்க மருந்தினால் மரணம் நேரலாம், அதற்கு எவரும் பொறுப்பல்ல என்று இருந்தது. நிரப்பும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. சூட்டி காதைச் சொறிந்தது. பின்னால் தன் கடுவன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பழனியாண்டித் தாத்தா, நாயைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு, “கொஞ்சம் சத்தமாப் படி புள்ள, இவனுக்கும் கேக்கட்டும்” என்றார். மிருக வைத்தியரம்மா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, எங்கே வெட்டுவார், எத்தனை தையல் என்று சிங்களத்தில் விளக்க, நான் தமிழாக்கினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா கையெழுத்து வைத்தார், எழுத்து எழுத்தாக.

இப்போது சூட்டி அடுப்போரம் கிடக்கிறது. கண் திறந்தபடி இருக்கிறது, இமைக்கவில்லை. மயக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் செத்த நாய்க்கும் கண் அப்படித்தானே இருக்கும்? நாக்கு தரையில் ஒட்டியிருக்கிறது. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாறு, பிறகு பதின்மூன்று. நூலகப் புத்தகத்தில் பத்துக்குக் கீழே போகக்கூடாது என்று இருக்கிறது. இப்போது பதினொன்று. அப்பா தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அம்மா அதன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு இருக்கிறார். சூட்டி பிழைக்காது என்றே தோன்றுகிறது. என்னைத் திட்டுங்கள், அம்மாவைத் திட்டாதீர்கள். நீங்கள் லீவு போட்டு வரவும் வேண்டாம்.

அத்தைக்கும் துஷாந்துக்கும் என் அன்பு. பெரியவர்கள் எல்லோரும் எனக்காக இல்லாவிட்டாலும் சூட்டிக்காகக் கும்பிட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு, பழியை ஏற்கும் மருமகள்
நிலக்ஷி

பி.கு.: உறைக்குப் பசை தேடிவிட்டுத் திரும்பினால், சூட்டி எழுந்து நிற்கிறது. உங்களுக்கு அனுப்ப அம்மா கட்டி வைத்த முறுக்குப் பொதி காலி. ஆகவே மேலே செத்துப்போகும் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். நாளை வரை ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள், அதற்குத் தனியாகப் பயப்படுகிறேன். வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள், கட்டாயம் வாருங்கள். “நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல, வேலைக்குப் பேரு குடுக்கல. ஆஸ்பத்திரிக்குப் போயி என் தாளைக் கேப்போம். அதையும் நீயே படிச்சுக் காட்டு” என்று அம்மா சொல்லிவிட்டார். அவர்கள் தருவார்களா, தந்தால் அதை அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படி வாசிப்பேன் என்று தெரியவில்லை. அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.