வாட்ச்காரர் பார்க்காத நட்சத்திரம்

இருட்டிய பின் அறைக்குள்ளிருந்து "க்ளுக்" என்று ஒரு சத்தம். பால்கனியில் நின்ற வாட்ச் ரிப்பேர்காரர் பதறித் திரும்பினார். வானத்தைப் பார்த்திருந்த பைனாகுலரைத் திறந்த கதவு வழியே தொட்டில் பக்கம் திருப்பினார். விடிவிளக்கு வெளிச்சத்தில் சின்னச் சட்டை ஏறியது. இறங்கியது. அப்பாடா! பயல் எச்சில் விழுங்கியிருக்கிறான்.

மூத்த மகள் பிறந்த தொண்ணூறாம் நாள் ராத்திரி, ஒரு சத்தமும் போடாமல், தூக்கத்திலேயே போய்விட்டாள். இவனுக்கு இன்றைக்குத் தொண்ணூறு. எந்தத் தேதியில் வரும் என்று முன்பே கணக்குப் போட்டு, கைவாட்சில் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தது. வாய்விட்டுச் சொன்னால் பெற்றவள் தாங்குவாளா? அவளுக்குத் தெரியாமல் விடிய விடியக் காவல் இருப்பது என்று மனதுக்குள் சபதம். அதற்குச் சாக்குத்தான் நட்சத்திரம்.

"சூரியனுக்குப் பக்கத்துத் தெருவாம். மங்கலா, ஆரஞ்சு நிறமா இருக்குமாம். இன்னைக்குப் பார்த்தே ஆகணும்" என்று சாப்பிடும்போதே அடிபோட்டார்.

"பக்கத்துத் தெருன்னா?"

"வெளிச்சம் வந்துசேரப் பதினோரு வருஷம்."

"பதினோரு வருஷமா வர்றது நாளைக்கு ஒரு நாள் நிக்காதா?"

கேட்டாளே தவிர, போய்ப் படுத்துவிட்டாள். ஜெயித்தாயிற்று என்று நினைத்தார் மனுஷர்.

இப்போது தொட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல். "என்னங்க, நட்சத்திரம் மூச்சு விடுதா?"

"நீ... தூங்கலையா? நான் சும்மா, கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்தேன்."

"பிள்ளையையா?"

அதற்குமேல் பொய் வரவில்லை. "இன்னைக்குத் தொண்ணூறும்மா" என்றார்.

"தொண்ணூத்தொண்ணு."

"இல்லையே, என் வாட்ச்..."

"போன மாசம் முப்பதோட முடிஞ்சுது. உங்க வாட்ச் முப்பத்தொண்ணையும் காட்டிட்டுத்தான் ஒண்ணுக்கு வந்துது. ஊர் வாட்சுக்கெல்லாம் தேதி திருத்துறீங்க, உங்களுதை விட்டுட்டீங்க."

"அப்போ நேத்து?"

"நான் உட்கார்ந்திருந்தேன். விடியுற வரைக்கும்."

"என்னை எழுப்பக்கூடாதா?"

அவள் எழுந்து வந்தாள். "அன்னைக்கு அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீங்கதானே. இந்த ஒரு ராத்திரி நீங்க தூங்கட்டும்னு சொல்லாம விட்டேன். நல்லாத்தான் தூங்கினீங்க. உங்க குறட்டையில அவன் மூச்சுச் சத்தமே கேக்கலை. மூக்குக்கிட்ட விரலை வச்சுக்கிட்டே இருந்தேன்."

அவர் பைனாகுலரின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"இப்போ உனக்குப் பயம் போயிடுச்சா?"

"எங்க போகும்? இனிமே முறை வச்சுப் பயப்படலாம். இன்னைக்கு உங்க முறை. ஆனா உள்ள உட்கார்ந்து பயப்படுங்க, கொசு வருது."

அவரை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.