திறந்த இணையத்தின் காவலர்

உலாவிப் பிரசாரகர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் கணினியைத் திறக்கும்வரை சாதுவான மனிதர். திறந்தீர்களோ, தீர்ந்தீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும்.

"இன்னுமா இந்தப் பிரவுசர வெச்சிருக்கீங்க?"

எங்கள் தைப்பே அலுவலகத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் லியாவ் குவான்டிங். என் கணினி, வரவேற்பறைப் பெண்ணின் கணினி, சொந்த மாமியாரின் கணினி, ஏன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரின் கணினி என்று எதையும் விடாமல், பழைய உலாவியைக் கழற்றி எறிந்து, புதியதை ஏற்றி, விளம்பரத் தடுப்பானையும் பூட்டி, "இப்பத்தான் நீங்க சுதந்திர மனுஷன்" என்று அறிவித்த பிறகே எழுந்திருப்பார். இணையம் பொதுச் சொத்தாம். நாலு கம்பெனிகள் வேலி போடப் பார்க்கின்றனவாம். சொல்வது தப்பா? தப்பே இல்லை. அதுதான் சங்கடம்.

பொதுச் சொத்துக்கு அவர் காட்டும் உதாரணம், பெங் ருயிலான் என்ற பெண்மணி நடத்திவந்த மலைப்பாதைத் தளம். புயலுக்குப் பின் எந்தப் பாதை சரிந்தது, எங்கே அட்டை கடிக்கும் என்று தானே ஏறிப் பார்த்து எழுதுவார். யாரும் படிக்கலாம். ஓரத்தில் மட்டும் இரண்டு விளம்பரங்கள். எங்கள் அலுவலக மலையேற்றக் குழு அதை நம்பித்தான் கிளம்பும்.

போன வசந்தத்தில் மலையிறங்கி நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது ருயிலானே உள்ளே வந்தார். குவான்டிங் எழுந்து நின்று, எங்கள் மேசையிலேயே அவருக்கு இடம் போட்டார்.

"அக்கா, உங்க சைட்டுதான் உண்மையான இணையம்!"

"அடுத்த மாசம் மூடறேன் தம்பி. எல்லாத்தையும் ஒரு போன் ஆப்புக்குள்ள கொண்டு போறேன். கணக்குத் தொடங்கினாத்தான் உள்ள வர முடியும்."

"ஐயோ, வேலிக்குள்ளயா? ஏன்க்கா?"

"படிக்கிறவங்க கூடிக்கிட்டேதான் இருக்காங்க. விளம்பரம் பாக்கறவங்கதான் இல்ல. யாரோ புண்ணியவான் ஊர் பூரா தடுப்பான மாட்டி விடறாராம்."

மேசையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து சூப்பைக் குடித்தோம்.

குவான்டிங் ரோஷக்காரர். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நீக்கினார். ஓரத்தில் மூலக்களிம்பு விளம்பரம் ஒன்று குதித்து வந்து ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்தது உரத்த குரலில் பாடவே ஆரம்பித்தது. கடையே திரும்பிப் பார்த்தது. அவர் விரல் தானாகப் போய்த் தடுப்பானைப் போட்டுவிட்டது.

"ஒரு நிமிஷம் தாங்கலயே!" ருயிலான் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்க தம்பி. என் வீட்டுலயும் தடுப்பான் இருக்கு."

"படிக்கிறவங்களே ஏதாவது குடுத்தா என்னக்கா?"

"நீங்க குடுப்பீங்களா?"

"திறந்த இணையம்னா இலவசமா இருக்கணும் இல்லியா..." என்று இழுத்தார்.

ருயிலானின் சிரிப்பு நின்றது. தட்டை நகர்த்திவிட்டு, "பாதைய நான் நடந்துதான் பாக்கறேன் தம்பி" என்றார்.

தளம் மூடப்பட்டது. அடுத்த மலையேற்றத்தில் ஆப்பைத் தொட மாட்டேன் என்று முன்னே நடந்த குவான்டிங், சரிந்த பாதையில் எங்களை ஏற்றி, கால் நிறைய அட்டையோடு திரும்பினார். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவரின் கணினியில் தடுப்பானை ஏற்றியபடியே, திறந்த இணையத்தைக் கம்பெனிகள் கொன்றுவிட்டன என்று கண்கலங்கப் பேசினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு மிகப் பிடித்த தளத்தில் கடைசியாக என்ன விளம்பரம் பார்த்தீர்கள், சொல்லுங்கள். என்ன, யோசிக்கிறீர்கள்?