ஆபரேஷன் தியேட்டரில் நான் போட்ட சட்டம்

யாரும் பேசாமல் இருந்தால் அது நமக்குக் கிடைக்கும் மரியாதை என்று ஒரு காலத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கையில் இன்னொருவருடைய வயிறும் மாட்டிக்கொண்டது என்பதுதான் வெட்கக்கேடு.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பயின்றுகொண்டிருந்தேன். எங்களுக்குத் தலைமைப் பண்பு போதாது என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு ஒரு பனியன் கம்பெனியும் உண்டு. அங்கே சூப்பர்வைசர்களுக்கு வகுப்பெடுப்பவரையே எங்களுக்கும் அனுப்பினார். "லைன்ல ஒரு குரல்தானுங்க கேக்கோணும். அது உங்க குரலா இருக்கோணும்," என்றார் அவர். (மற்றவர்கள் சொல்வதைக் கேட்பது பற்றி மதியத்துக்கு மேல் பேசினாராம். நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தேன்.)

மறுநாளே குடலில் ஓட்டை விழுந்து ஒரு கட்டிங் மாஸ்டர் வந்து சேர்ந்தார். ஓட்டையைத் தைத்து முடித்த பெரிய டாக்டர், "வயித்தை நீயே மூடிரு கண்ணு," என்று சொல்லிவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போனார். முதல்முறையாக நான்தான் ராஜா. "நான் கேட்டாலொழிய யாரும் பேசக் கூடாது," என்று சட்டம் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன்.

கருவிகளை எடுத்துக் கொடுக்கும் செல்வி சிஸ்டர், ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். கையை உயர்த்தினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மயக்க டாக்டர் இருமினார், முறைத்தேன். அறையே அடங்கிக் கிடந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு கடைசித் தையலையும் போட்டேன்.

"இப்பவாச்சும் பேசலாமுங்களா சார்?" என்றார் சிஸ்டர்.

"ம்."

"துணி ஒண்ணு கொறையுதுங்க."

தைத்ததையெல்லாம் பிரித்துக் கையை விட்டேன். ஈரலுக்கடியில் இல்லை. மண்ணீரல் பக்கம் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை என்றார்கள். வெளியே மாஸ்டரின் மனைவி காத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

"இடுப்புக்குழியில பாத்தீங்களா சார்?" என்றார் சிஸ்டர், அனுமதி கேட்காமல். அங்கேதான் இருந்தது.

மாஸ்டர் நல்லபடியாக நடந்தே வீட்டுக்குப் போனார். பெரிய டாக்டர் என்னை ஒரு மாதம் துணி எண்ண வைத்தார்.

அன்றிலிருந்து எந்த வயிற்றை மூடுவதற்கு முன்பும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுவேன்: "ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" வாய் பழகிவிட்டது. அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றப்போன நேரத்திலும் அவள் பக்கம் திரும்பி அதையே கேட்டுத் தொலைத்தேன்.

"ஆமாங்க மாமா," என்றாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் தாலி கட்டி முடியும்வரை என்னைப் பந்திப் பக்கமே உட்கார வைத்துவிடுகிறார்கள். அக்கா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அவள் மகள் வாரம் தவறாமல் பேசுகிறாள்.