பக்குவமாகச் சொல்லுவோர்

பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, சொந்தப் பிள்ளை எதிரில் வந்து நின்றதும் தொண்டையில் முள் சிக்கியதுபோல் விழிக்கிற ஓர் இனம் உண்டு. பக்குவமாகச் சொல்லுவோர் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். வீட்டுக் கூரை காற்றில் பறந்துகொண்டிருக்கும்போதே, "இனிமே வெளிச்சம் நல்லா வரும் கண்ணு" என்று மகனைத் தேற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். சத்தியமாக!

நம் மழைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை அலுவலகத்தில் வேலை. "மழை வரலாம், வராமலும் போகலாம்" என்று வானொலியில் தினமும் கூசாமல் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். அந்த அலுவலகத்தையே மூடிவிட்டு ஆட்களை வேறு ஊருக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம். ஊருக்குச் சொல்கிற அதே வாக்கியம்தான். வீட்டில் மட்டும் வாயில் வர மறுக்கிறது.

ஆகவே மனிதர் என்ன செய்தார்? பிள்ளை வளர்ப்புப் புத்தகம் வாங்கினார், கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார், மகளை ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப்போய், மாற்றம் என்பது இயற்கையின் நியதி என்று ஆரம்பித்து, வண்ணத்துப்பூச்சி, பருவகாலம், வளர்பிறை, தேய்பிறை என்று அண்டம் முழுவதும் சுற்றிவந்து, "இன்னொரு கப் சாப்பிடறியா?" என்று முடித்தார். பிறகு மனைவியோடு குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டுக் குசுகுசுவென்று ஆலோசனை. குழந்தை காதில் விழக் கூடாதாம். குழந்தைக்குக் கண் இல்லையா?

அவள் ஒருநாள் நேரே வந்து நின்றாள்.

"அப்பா, நம்ம இங்கயே இருப்போமா? கோல்கீப்பரா சேர்ந்தா வருஷம் முழுக்க ஆடணுமாம். கோச் நாளைக்குள்ள பதில் கேக்கறாரு."

"இருப்போம்டா... அதாவது... நீ ஏன் இதெல்லாம் யோசிக்கிற?"

"அப்ப இல்லன்னு சொல்லிடறேன்."

"ஐயையோ, ஏன்?"

"நீங்க இப்படி முழிச்சா கிளம்பறோம்னுதானே அர்த்தம்?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "அந்த ரேடியோ குரல்லயாவது சொல்லித் தொலைங்களேன்!"

மழைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "போகலாம். போகாமலும் இருக்கலாம். அப்பாவுக்கு நிஜமாவே தெரியலம்மா."

வானம் இடிந்து விழவில்லை. மகள்தான் பெருமூச்சு விட்டாள்.

"அவ்வளவுதானா? நீங்களும் அம்மாவும் பிரியப்போறீங்கன்னு நெனச்சேன்."

சமையலறையில் கரண்டி விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"தெரியலன்னே கோச்கிட்ட சொல்லிடறேன்," என்றாள் மகள். "கிளம்பற வரைக்கும் பந்து பிடிக்கிறேன். அப்புறம் வேற யாராவது பிடிக்கட்டும்."

மழைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றார். பாருங்கள், பழக்கம் விடுகிறதா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றே பிள்ளையோடு மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று மேலே படிக்கும்போதே தீர்மானித்து, 'பரீட்சை முடியட்டும்' என்று இதோ இந்த வரிக்குள் ஒத்திப்போட்டும் விட்டீர்கள் அல்லவா? கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். எனக்கும் இடம் வேண்டும்.