சிறுமி வெளியே வந்தாளா?

மக்களின் பதற்றம் ஒரு நொடிகூடக் குறைந்துவிடாமல் காப்பதே செய்தி நிறுவனத்தின் தலையாய கடமை. அதை இம்மி பிசகாமல் ஆற்றிவரும் 'உடனடி எச்சரிக்கைப் பிரிவு'க்கு அடியேன்தான் தலைவன். உங்கள் கைப்பேசி ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'டிங்' என்று ஒலித்து உங்களைப் பதறவைக்கிறதல்லவா? அது எங்கள் தொண்டு. நன்றியெல்லாம் வேண்டாம்.

எங்கள் பிரிவின் பொக்கிஷம், தலைப்பு எழுதுபவர். 'பகீர்' என்று செல்லமாக அழைப்போம். எங்கோ ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருந்த சிறுமி நாலு நிமிடத்தில் பிஸ்கட்டைக் கடித்தபடி வெளியே வந்தாள். பகீர் எழுதினார்: 'லிஃப்டில் தனியே சிக்கிய சிறுமி... அடுத்து நடந்தது என்ன?' ஏழு லட்சம் பேர் திறந்து பார்த்தார்கள். கேடயம் கொடுத்தோம்.

மறுவாரம் மூச்சிரைக்க என் அறைக்கு வந்தார்.

"சார், எம் பொண்ணு அவங்கம்மா ஃபோன்ல அந்தத் தலைப்பப் பாத்ததுலேர்ந்து லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறா. எங்க வீடு ஒம்பதாவது மாடி. தினமும் அவளோட படியேறுறேன்."

"உடம்புக்கு நல்லதுதானய்யா."

"லிஃப்ட் கதவு சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கறா சார். அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கான்னேன். 'அப்போ ஏம்ப்பா அத எழுதல?'ன்னு கேக்கறா."

எட்டு வயதில் இதழியல் ஞானம் அவ்வளவுதான் இருக்கும் என்று தேற்றி அனுப்பினேன். மனிதர் தேறவில்லை. அன்றே, 'லிஃப்ட் நாலு நிமிடம் நின்றது. சிறுமி நலம்' என்று அனுப்பிவிட்டார். திறந்தவர்கள் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் தலைப்பைப் படித்ததுமே நிம்மதியாகித் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உடனே விசாரணைக் கூட்டம் கூடியது.

"வாசகர்களை நிம்மதிப்படுத்தினீரா?"

"ஆமா சார்."

குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதால் வேலைநீக்கம் எளிதாக முடிந்தது. பகீர் வாதாடவில்லை. கைப்பேசியை மட்டும் நீட்டினார்.

"எம் பொண்ணு லைன்ல இருக்கா சார். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க பெரிய ஆபீசர். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"அங்கிள்... அந்தப் பாப்பா வெளிய வந்துட்டாளா?"

அறையே என்னைப் பார்த்தது. நிறுவனத்தின் நலனையும் மனத்தில் இருத்தி, கனிவாகச் சொன்னேன்:

"அதத் தெரிஞ்சுக்கணும்னா லிங்க்கத் தொட்டுப் பாரும்மா."