கையிலிருந்து இரண்டு

பொய்யைக் கண்டுபிடிக்க மனிதகுலம் இதுவரை செய்த முயற்சிகளுக்கெல்லாம் சிகரம், ராயபுரம் மளிகைக்கடை வெள்ளத்துரை. ஒமாஹா சீட்டாட்டத்தில் 'வஞ்சக எதிராளியை வெல்வது எப்படி' என்ற பத்து நாள் இணையப் பயிற்சியை முடித்தவர். சான்றிதழைக் கடைத் தராசுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். பயிற்சியின் சாரம்: எதிராளி வாய் திறந்தால் பொய்.

மீன்பிடித் தடைக்காலம். படகுகள் சும்மா நின்றன. மீன் ஏலம் விடும் செல்லம்மாவும் வெள்ளத்துரையும் ஏலக் கூடத்தில் 'உயர்மட்டப் பேச்சுவார்த்தை'க்கு அமர்ந்தார்கள். வெள்ளத்துரை ஜெயித்தால், தடை முடிந்து கடலுக்குப் போகும் அவள் பொறுப்பிலுள்ள பன்னிரண்டு படகுக்கும் அரிசி, பருப்பு அவர் கடையில்தான். தோற்றால், கடைத் தராசு ஏலக் கூடத்துக்கு வர வேண்டும். ஊர் முன்னால் எடைக்கல் வைத்துச் சோதனை. அந்த நிபந்தனை செல்லம்மாவுடையது. ஏன் என்று வெள்ளத்துரைக்கு 'விளங்கவே இல்லை'.

சீட்டுப் போட்டவர் படகு டிரைவர் பாஸ்கர். "கையில நாலு சீட்டு, தரையில அஞ்சு. கையிலேர்ந்து ரெண்டு, தரையிலேர்ந்து மூணு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. புடிக்கலன்னா மூடிட்டு அடுத்த ஆட்டம். ரெண்டு பேரும் காட்டிட்டா அதான் தீர்ப்பு. புரிஞ்சுதா அண்ணாச்சி?"

"எனக்கேவா சொல்லித் தார?" வெள்ளத்துரை கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தரையில் ஐந்தும் திறந்தன. அதில் நான்கு இஸ்பேட். வெள்ளத்துரையின் கையில் ஒரே ஒரு இஸ்பேட். ஆனால் அது ஏஸ்.

"இந்தா அண்ணாச்சி," என்றாள் செல்லம்மா. "எங்கையில இஸ்பேட் ரெண்டு கீது. சொல்ட்டேன். மூடிட்டு அடுத்தத ஆடு."

ஏழாம் பாடம் நினைவுக்கு வந்தது: உண்மை போலப் பேசுவதே வஞ்சகத்தின் உச்சம். அவள் கொட்டாவி விட்டாள். அதுவும் நடிப்பு.

"பொய்," என்றார்.

"பாஸ்கரு, நான் என்னிக்காவது பொய் சொல்லிக்கிறனா?"

"ஏலத்துல சொல்லுவ."

"அது தொயிலு. இது ஆட்டம்."

வெள்ளத்துரைக்கு இது போதும். தொழிலில் பொய் சொல்கிறவர் வேறெங்கும் உண்மை பேசி அவர் பார்த்ததில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில்கூட. "காட்டு," என்றார்.

செல்லம்மா இஸ்பேட் ராஜாவையும் ஏழையும் வைத்தாள். சொன்னபடி இரண்டு.

வெள்ளத்துரை புன்னகையுடன் ஏஸை மட்டும் வைத்தார். "தரையில நாலு, எங்கிட்ட ஒண்ணு. அஞ்சும் இஸ்பேட். ராஜாவை விட ஏஸ் பெருசுல்லா?"

"கையிலேர்ந்து ரெண்டு அண்ணாச்சி," என்றார் பாஸ்கர்.

"ஒண்ணு போட்டாப் போதாதா? மிச்சந்தான் அங்கன கெடக்கே."

செல்லம்மா எழுந்து புடவையை உதறினாள்.

"இருவது வருசமா இத்ததான் சொல்லிகினு கீறேன் பாஸ்கரு. தன் கையிலேர்ந்து போட வேண்டியத இந்தாளு ஒரு நாளும் முழுசாப் போட்டதில்ல. போ, தராசத் தூக்கினு வா."