கடல் கடந்த யூகேஜி

கல்வி கற்கக் கடல் கடந்து போனவர்களை வரலாறு அறியும். கடலுக்கு அந்தக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்தக் கரையில் யூகேஜி நடத்திக் காட்டிய மேதை ஒருவரே. அவர் என் அக்கா நஃபீஸத்தின் மாப்பிள்ளை சல்மான் ஃபாரிஸ்.

மச்சானுக்குச் சவுதியில், தம்மாமில் சூப்பர்வைசர் உத்தியோகம். பகலெல்லாம் ஆட்களை மேய்க்கிறவர். அந்த அனுபவம் வீணாகக் கூடாதென்று, மேலப்பாளையத்தில் இருக்கும் தம் ஐந்து வயது மகள் ஜுபைதா பீவியின் 'வீட்டுப் பயிற்சி'யைத் தாமே ஏற்றுக்கொண்டார். அங்கே மஃரிப் தொழுகை முடிந்ததும் வீடியோ அழைப்பு வரும். அக்கா சிலேட்டைப் பிடிப்பாள், நான் போனைப் பிடிப்பேன். பி.காம். படித்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அதுதான்.

அந்த அரைமணி நேரத்தின் ஒழுங்கைப் பார்த்தால் கலெக்டர் அலுவலகமே வெட்கப்படும். "சாப்பிட்டியா", "என்ன விளையாடின" போன்ற உற்பத்திக்கு உதவாத பேச்சுகளுக்கு மச்சானிடம் இடமில்லை. கேள்விகள் தீர்ந்தால் சலாம், சலாம் சொன்னால் அழைப்பு முடிந்தது.

"பதினாலுக்கு அப்புறம்?"

"பதினஞ்சு. வாப்பா, எனக்குப் பல்லு ஆடுது."

"பல்லுக்கு ஸ்பெல்லிங் சொல்லு."

"ரத்தம் வருது, வாப்பா."

"ரத்தம் அடுத்த டெர்ம்லதான் வரும். மொதல்ல பல்லச் சொல்லு."

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர். பிள்ளைக்கு வாப்பா என்றால் அந்த அரைமணி நேரம் மட்டும்தான். அதையும் பரீட்சையாக்கிவிட்ட அவருடைய பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"புள்ளைட்ட ரெண்டு வார்த்த சும்மா பேசுங்களேன்."

"சும்மா பேசதுக்கா இம்புட்டு தூரம் வந்து கெடக்கேன்?" என்றார் மச்சான். தொலைநோக்கு உள்ளவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அக்கா சிலேட்டைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் 'நெட்வொர்க் கோளாறு' தொடங்கியது. கஷ்டமான கேள்வி வந்தால் போதும், திரையில் பிள்ளை அப்படியே உறைந்துவிடும். மச்சான் "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டிப்பார். புகார் கொடுத்தார். புது வைஃபை போட்டோம். கோளாறு தீரவில்லை. கையிலிருந்த சிலேட்டுக் குச்சியைத் தூக்கியபடி, கண்ணைக்கூட இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு ஜுபைதா நிற்பதை நேரில் பார்த்தவன் நான். யூகேஜியில் அவள் சொந்தமாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தையைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, 'எலிஃபன்ட்' கேட்கப்பட்டதும் பிள்ளை உறைந்தாள். அன்றைக்கு மச்சான் ஹலோ சொல்லவில்லை. திரையை உற்றுப் பார்த்தார்.

"லே பீரு."

"சொல்லுங்க மச்சான்."

"புள்ள ஸ்டக் ஆயிட்டா. பின்னால ஃபேன் மட்டும் எப்படிலே சுத்துது?"

"அது புது ஃபேன், மச்சான்."

வேறொரு தகப்பன் என்றால் சிரித்திருப்பான், இல்லை அழுதிருப்பான். மச்சான் நிர்வாகி. 'நடவடிக்கை' எடுத்தார். அவசர விடுப்புக்கு எழுதிப்போட்டு, நேரில் வந்து பயிற்சியை ஒழுங்குபடுத்துவதாக அறிவித்தார். மகள் படிப்புக்காக லீவு போட்ட வாப்பா என்று தெருவே மெச்சியது. அக்கா பிள்ளைக்குப் புது கவுன் எடுத்தாள். வாப்பா மடியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை.

மச்சான் வந்து இறங்கினார். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை எதிரே நிறுத்தினார்.

"பதினெட்டுக்கு அப்புறம்?"

ஜுபைதா உறையவில்லை. பத்தொன்பதில் ஆரம்பித்து நூறு வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். ஏ முதல் இசட் வரை, கிழமை, மாதம், நிறம், பழம் என்று கேட்காததையும் சேர்த்து ஒப்பித்தாள். எலிஃபன்டும் எழுத்துப் பிசகாமல் வந்தது. இத்தனை நாளும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது.

மச்சான் பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தார். "பாத்தியளா, நேர்ல கேட்டா எப்படிச் சொல்லுதான்னு."

"வாப்பா, எல்லாம் சொல்லிட்டேம்லா?"

"சொல்லிட்ட, தங்கம்."

"இனி ஒண்ணும் கேக்க இல்லைலா?"

"இல்லம்மா."

பிள்ளை மரியாதையாக அவருக்கு சலாம் சொன்னாள். "அப்ப நீங்க போங்க வாப்பா" என்றாள்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் பிடித்துக்கொள்ள அன்றைக்குக் கையில் போனும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூடப் பிள்ளை மறக்கவில்லை என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது.